ரேங்க் போடுறாங்கய்யா ரேங்க்!

2017-ல் மாணவர்களுக்கு ரேங்க் அறிவிப்பதை அரசே நிறுத்திவிட்டது. ஆனால் மாவட்டங்களுக்கு மட்டும் வருஷா வருஷம் ரேங்க். கீழே வந்த மாவட்டத்து வாத்தியார்களுக்குத் திட்டு வேறு!

மக்களே, 2011 கணக்கெடுப்பைப் பாருங்கள். தமிழக எழுத்தறிவு 80.09%. எங்கள் தர்மபுரியில் 68.54%, மாநிலத்திலேயே கடைசி. பெண்களில் நூற்றுக்குச் சுமார் 40 பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஜனங்களில் 80 சதவீதத்துக்கு மேல் கிராமத்தில்தான்.

கையெழுத்துப் போடத் தெரியாத அம்மாவுக்குப் பிறந்து, சித்தேரி மலையிலிருந்து வந்து அரசுப் பள்ளியில் பாஸாகிற பிள்ளையும், நாமக்கல் ஹாஸ்டலில் லட்சம் கொட்டிப் படிக்கிற பிள்ளையும் ஒரே பட்டியலிலா? இது பள்ளிக்கூடத்தை அளக்கிற கணக்கில்லை, பெற்றோரை அளக்கிற கணக்கு.

எங்கே ஆரம்பித்து எவ்வளவு தூரம் வந்தோம் என்று அளங்கள். கடைசியில் இருக்கும் ஊருக்கு முதலில் வாத்தியாரைப் போடுங்கள். திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.