மையின் இன்பம் யாருக்கு உரியது?

பேனை எழுதுவதற்கு மட்டுமே, கீறுவதற்கன்று. இப்படியொரு சட்டம் நம்முடைய பாடசாலைகளிலே நடைமுறையில் இருந்து வருகிறது. எந்தச் சுற்றறிக்கையிலும் அது அச்சேறவில்லை. ஆயினும் அச்சேறிய சுற்றறிக்கைகள் எவையும் பெறாத கீழ்ப்படிவை அது பெற்றுவிட்டது. கொப்பியின் ஓரத்தில் ஓர் இலையையோ, காகத்தையோ, பொருள் எதுவுமற்ற ஒரு சுழியையோ கீறிய மாணவன் கவனமற்றவன் என்று கணிக்கப்படுகிறான். தாள் கிழிக்கப்படுகிறது, பெற்றோர் அழைக்கப்படுகின்றனர். சித்திரப் பாடம் என்று ஒன்று உண்டே எனலாம். உண்டு; அங்கேயும் தலைப்பு உண்டு, புள்ளி உண்டு, பரீட்சை உண்டு. எவரும் கேளாமல், எவருக்கும் காட்டாமல், கோடு ஓடும் இன்பத்துக்காகவே ஒரு கோட்டை ஓடவிடும் உரிமை எங்கே உண்டு?

கம்பளையிலும் அதனைச் சூழ்ந்த தோட்டப்புறங்களிலும் பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் நாம் இந்தச் சட்டத்தை எதிர்க்கிறோம். எதிர்க்கும்போது இரு பக்கத்திலிருந்தும் கண்டனம் வரும் என்பதையும் அறிவோம். ஒரு பக்கத்தில் ஒழுங்கின் காவலர். அவர்களுக்குக் கிறுக்கல் என்பது சோம்பலின் மறுபெயர். மறுபக்கத்தில் நம்முடைய முற்போக்கு நண்பர்கள் சிலர். அவர்களுக்கு மைப்பேனையும் வண்ண மையும் வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு. லயத்துக் கூரை ஒழுகும்போது மையின் நிறத்தைப் பற்றிப் பேசுவதா என்று அவர்கள் கேட்பார்கள். இரு சாராருக்கும் விடை கூறியே ஆகவேண்டும்.

முதலில் அந்த இன்பம் யாது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். மைப்பேனை ஓர் எளிய பொறி. முனையிலே மயிரிழை போன்ற ஒரு பிளவு; அதன் அடியிலே மையைக் கொண்டுவரும் நுண்ணிய வாய்க்கால். மை இறங்க இறங்க அதன் இடத்தை நிரப்பக் காற்று மேலேறுகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கல் ஒழுங்காக நடக்கும்வரை, தாளைத் தொட்டமாத்திரத்தில் மை தானாகவே இறங்கும். இதற்கு 1827ஆம் ஆண்டில் பிரான்சிலே முதல் உரிமம் பெற்றவர்களுள் ஒருவர், பாரிசில் கல்வி பயின்ற பெத்ராக்கே பொயெனாரு என்ற ருமேனிய மாணவர். 1884இல் அமெரிக்கரான லூயிஸ் வாட்டர்மன் உரிமம் பெற்ற பேனையே பின்னர் உலகெங்கும் பரவியது. மாணவன் ஒருவனுடைய தேவையும் இந்தக் கருவியின் பிறப்பில் பங்கு பெற்றது என்பதை ஒழுங்கின் காவலர் கவனிப்பார்களாக.

இன்று பெரும்பாலான மாணவரின் கையில் இருப்பது குமிழ்முனைப் பேனை. அதன் மை தடித்தது. உருளும் குமிழை அழுத்தினாலே கோடு விழும். அதை நாம் பழிக்கவில்லை. அதனாலும் அரிய படங்கள் கீறப்பட்டுள்ளன. ஆனால் மைப்பேனையை அழுத்த வேண்டியதில்லை, விரல் தளர்ந்திருக்கலாம். மெல்லச் சென்றால் கோடு நனைந்து தடிக்கும். விரைந்து சென்றால் மெலியும். முனை நெகிழ்வுடையதாயின் சிறிது அழுத்தியதும் கோடு விரிந்து, விட்டதும் ஒடுங்கும். கீறிய கோட்டை ஈரத் தூரிகையால் தொட்டால், நீரிற் கரையும் மை அப்படியே கலைந்து நிழலாகப் படரும். மலையைக் கோட்டாற் கீறி மழையை நீராற் காட்டலாம். நல்ல தடித்த தாளில் கோடு கூர்மையாக நிற்கும். மலிவான கொப்பித் தாளில் ஊறி இழை இழையாகப் பரவும். அந்தப் பரவலையும் ஓர் இலையின் நரம்பாக மாற்றிக்கொள்ளும் குழந்தையை நாம் அறிவோம். பொருளின் இயல்பைக் கையால் அறிந்து அதற்கேற்ப நடந்துகொள்ளும் இந்தப் பழக்கத்தைத்தான் கல்வி என்று நாம் கருதுகிறோம்.

இவ்வளவு எளிய இன்பம் ஏன் ஆடம்பரமாகத் தோன்றுகிறது? அது ஆடம்பரமாக ஆக்கப்பட்டது. ஒரு சான்று போதும். ஆந்திரத்தின் ராஜமுந்திரியிலே கே. வி. ரத்தினம் என்ற தொழிலாளர் சுதேசிப் பேனை செய்தார். அதை 1935ஆம் ஆண்டிலே பயன்படுத்திப் பார்த்த காந்தியடிகள், அயல்நாட்டுப் பேனைகளுக்கு அது நல்ல மாற்று என்று அவருக்குக் கடிதம் எழுதினார். அந்நியப் பொருளுக்கு எதிராகப் பேனையும் மையும்கூடப் போராடிய காலம் அது. ராஜ்சாகியிலே மைத்ரா சகோதரர்கள் 1934இல் தொடங்கிய சுலேகா மையும் அந்த இயக்கத்தின் பிள்ளையே. எழுபது ஆண்டுகளுக்குப் பின் நடந்தது என்ன? 2009ஆம் ஆண்டிலே மோண்ட்பிளாங்க் என்ற ஐரோப்பிய நிறுவனம் காந்தியின் பெயராலே தங்கப் பேனை ஒன்றை வெளியிட்டது. தண்டி யாத்திரையின் 241 மைலுக்கு ஈடாக 241 பேனைகள். ஒன்றின் விலை இந்திய நாணயத்தில் பதினொரு லட்சத்துக்கும் மேல். கேரள உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டபின், 2010இல் அதன் விற்பனை நிறுத்தி வைக்கப்பட்டது. உப்புக்கு வரி கொடுக்க மறுத்து நடந்த மனிதனின் ஒவ்வொரு மைலையும் ஒரு தங்கப் பேனையாக்கி விற்கத் துணிந்த சந்தை, ஏழைக் குழந்தையின் கிறுக்கலை எவ்வாறு மதிக்கும்? கண்ணாடிப் பேழைக்குள் பூட்டப்பட்டு ஒரு நாளும் மை காணாத பேனையை நாம் பேனை என்று கொள்வதில்லை. அது முடங்கிய பணம்.

இனி, நம்முடைய மண்ணுக்கு வருவோம். 1820களிலே ஜோர்ஜ் பேர்ட் என்ற ஆங்கிலேயர் கம்பளைக்கு அருகே சின்னபிட்டியவில் கோப்பித் தோட்டம் அமைத்தார். அன்று தொடங்கிய தோட்ட வரலாற்றிலே மை யாருடைய கையில் இருந்தது? துரையின் கையிலும் கணக்கப்பிள்ளையின் கையிலும் இருந்தது. செக்றோலிலே பெயர் எழுதியதும் அவர்கள் மை. அரைநாட் பெயர் போட்டதும் அவர்கள் மை. தொழிலாளியின் கடனைத் தீர்த்தால் அவனை விடுவிக்கலாம் என்று தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறிய 'துண்டு' என்ற சீட்டும் மையால் எழுதப்பட்டதுதான். அந்தத் துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் மையினாலேயே நம்மவரை நாடற்றவராக்கிற்று. கொழுந்துச் சாறு படிந்து கறுத்த பெருவிரலுக்கு மை தந்த இடம் ஒன்றே: கைநாட்டு. மை நம்மை எழுதியது. நாம் மையால் எழுதவில்லை.

இந்த வரலாற்றை அறிந்தவர்களே, மைப்பேனை வசதி படைத்தோரின் விளையாட்டு என்று கூறி அதனை அவர்களிடமே விட்டுவிடலாமா? கைநாட்டு வைத்த பாட்டியின் பேத்தி தன்னுடைய கையால், எவருடைய கட்டளையுமின்றி, கருநீல மையிலே ஒரு பறவையைக் கீறுகிறாள் என்றால் அது சிறு செய்தியன்று. பெயரெழுதக் கற்பது விடுதலையின் முதற்படி. மனம் விரும்பியதைக் கீறுவது அடுத்த படி. உரிமை கேட்பதற்கு மட்டும் எழுத்தறிவு, இன்புறுவதற்கு அன்று என்று யார் விதித்தார்கள்? பசித்தவனுக்குச் சோறு வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அவனுக்குச் சோறு மட்டுமே வேண்டும் என்று சொல்வது துரைமாரின் வாதம். அதை நம்முடைய நண்பர்கள் இரவல் வாங்கலாகாது.

ஒழுங்கின் காவலருக்கு இரண்டு விடைகள் உண்டு. கிறுக்கல் கவனத்தைச் சிதைக்கும் என்பது அவர்களுடைய முதற் கூற்று. இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜக்கி அன்ட்ரேட் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். 40 பேருக்குச் சலிப்பூட்டும் தொலைபேசிச் செய்தி ஒன்று ஒலிபரப்பப்பட்டது. அவர்களுள் ஒரு பாதியினர் கேட்டுக்கொண்டே தாளிலுள்ள வடிவங்களுக்கு நிழலிட்டனர். நிழலிட்டவர்கள் மற்றவர்களைவிட 29 விழுக்காடு அதிகமாகச் செய்தியை நினைவிற் கொண்டிருந்தனர். ஒரு சிறிய ஆய்வு எல்லாவற்றையும் நிறுவிவிடாது. அச்சிட்ட வடிவத்துக்கு நிழலிடுவதும் மனம்போனபடி கீறுவதும் ஒன்றல்ல. எனினும், கை அசைந்தால் காது மூடிவிடும் என்ற தீர்ப்பை இனியேனும் ஆராயாமல் வழங்குவது நேர்மையாகாது.

கிறுக்கலிலிருந்து எதுவும் பிறவாது என்பது அவர்களுடைய இரண்டாவது கூற்று. 1924ஆம் ஆண்டின் இறுதியிலே ஆர்ஜென்டீனாவில் நோயுற்றுத் தங்கியிருந்த இரவீந்திரநாத தாகூர், கவிதைக் கையெழுத்துப் பிரதியிலே தாம் அடித்த சொற்களை ஒன்றோடொன்று கோடுகளால் இணைத்தார். அவை விலங்குகளாகவும் பறவைகளாகவும் முகங்களாகவும் உருவெடுத்தன. விருந்தளித்த விக்டோரியா ஒகாம்போ அவற்றிலே ஓவியனைக் கண்டார். 1930இல் பாரிசிலே அவருடைய துணையோடு தாகூரின் ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஓவியக் கல்வி பெறாத, எழுபதை நெருங்கிய கவிஞரை ஓவியராக்கியது அடித்தலும் கிறுக்கலுமே. நம்முடைய வகுப்பறையில் தாகூர் அமர்ந்திருந்தால் அவருடைய கொப்பி பறிக்கப்பட்டிருக்கும்!

தமிழ் நிலத்திலும் சான்று உண்டு. கே. எம். ஆதிமூலம் காந்தி நூற்றாண்டையொட்டிக் கறுப்பு மையாலே காந்தியின் உருவத்தை நூறு கோட்டோவியங்களாகத் தீட்டினார். பின்னர் கி. ராஜநாராயணனின் கரிசல் மனிதர்களுக்கும் அவருடைய கோடுகள் உடல் கொடுத்தன. வார இதழ் வாங்கிய சாதாரண வாசகன் வீட்டுக்கே நவீன ஓவியம் சென்றது. நமக்கு அண்மையிலே, கண்டியிற் பிறந்த ஜோர்ஜ் கீற் கோட்டின் வலிமையாலேயே உலகப் புகழ் பெற்றார். கண்டியிலிருந்து கம்பளைக்குப் பேருந்திலே வந்துவிடலாம். அந்தக் கோடு ஏன் நம்முடைய பாடசாலைகளுக்கு வந்து சேரவில்லை?

பணம் எங்கே என்பர். நியாயமான கேள்வி. 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே, தாளும் மையும் இறக்குமதி செய்ய அந்நியச் செலாவணி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்ட நாடு இது. அந்த நாட்களிலே தாளின் அருமையை ஒவ்வொரு பெற்றோரும் உணர்ந்தனர். ஆனால் அந்த நெருக்கடி கற்பித்த பாடம் சிக்கனம். மைப்பேனை சிக்கனத்துக்கு எதிரியன்று. மை தீர்ந்ததும் வீசப்படும் பேனை குப்பையாகிறது. மைப்பேனை கழுவி நிரப்பப்படுகிறது. ஒரு முறை நிரப்ப ஏறத்தாழ 1 மில்லிலீற்றர் மை போதும். 50 மில்லிலீற்றர்ப் போத்தல் ஒன்று ஏறத்தாழ 50 முறை நிரப்பும். தங்க முனை வேண்டியதில்லை. உருக்கு முனை போதும்.

அதற்கும் வழியில்லை எனில், மலையகத்துப் பிள்ளைக்கு மை அவனுடைய வாசலிலேயே இருக்கிறது. கடுக்காயின் துவர்ப்பும் அன்னபேதியும் சேர்ந்து மையாவதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். தேயிலையிலும் அத்தகைய துவர்ப்பு உண்டு. தூள் தேயிலையைக் கடுஞ்சாயமாகக் காய்ச்சி, துருப்பிடித்த ஆணிகளைச் சில நாட்கள் வினாகிரியில் ஊறவைத்த நீரை அதனோடு கலந்தால், சாயம் கண்முன்னே கறுக்கும். சிறிது பிசின் சேர்த்தால் தாளிலே பிடித்து நிற்கும். இதனை மைப்பேனைக்குள் ஊற்றலாகாது. வண்டல் வாய்க்காலை அடைத்துவிடும். புகைக்கரியும் அரக்கும் கலந்த இந்திய மைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். சீவிய மூங்கிற் குச்சியால் தொட்டுக் கீறலாம். இரசாயனமும் வரலாறும் சித்திரமும் ஒரே கிண்ணத்தில் சேரும் பாடம் இது. பாட்டனின் வியர்வையை விலையாக்கிய அதே இலை, பேரனின் கையிலே மையாகட்டும்.

ஆகவே நாம் கேட்பது மிகப் பெரிய சலுகை எதுவுமன்று. வாரத்தில் ஒரு பாடவேளை. ஒவ்வொரு பாடசாலை நூலகத்திலும் சில மைப்பேனைகள், இரண்டு மூன்று நிறத்து மை, ஒற்றுத்தாள், ஒருபுறம் அச்சிட்டுக் கழிக்கப்பட்ட தாட்கள். அந்த வேளைக்குத் தலைப்பு வேண்டாம், புள்ளி வேண்டாம், பரிசளிப்பு விழாவும் வேண்டாம். விரலில் மை படிந்த மாணவனைத் தண்டிக்கும் வழக்கம் அன்றோடு ஒழியட்டும். ஆசிரிய நண்பர்களே, இதற்கு அமைச்சின் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. எழுதப்படாத சட்டத்தை நீக்குவதற்கு எழுதப்பட்ட ஆணை எதற்கு? அடுத்த முறை கொப்பியின் ஓரத்திலே ஒரு காகம் தென்பட்டால், சிவப்பு மையால் அதனை அடியாதீர்கள். அதற்கொரு கிளை கீறிக் கொடுங்கள்.