சேற்றில் இறங்கினால் சிரிப்பதா?

திருச்சி விமான நிலையத்துக்குப் போனால் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். துபாயில் இருந்தும் சிங்கப்பூரில் இருந்தும் நம் பிள்ளைகள் வந்து இறங்குகிறார்கள். வாசலில் அம்மா நிற்கிறாள். மச்சான் நிற்கிறான். வேன் காத்திருக்கிறது. அட்டைப் பெட்டி மேல் அட்டைப் பெட்டி! ஊரே கூடி வரவேற்கிறது.

அதே பிள்ளை, "இனிமேல் போகப் போவதில்லை. அப்பாவின் இரண்டு ஏக்கரை நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லட்டும். வரவேற்ற அதே ஊர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறது!

"என்னப்பா, விசா முடிஞ்சு போச்சா?"

"அங்கேயிருந்து துரத்திட்டாங்களா?"

"சம்பாதிச்சதை எல்லாம் சேத்துல கொட்டப் போறியா?"

இது டீக்கடைப் பேச்சு மட்டும் அல்ல. நம் வீட்டுத் திண்ணையிலும் இதே பேச்சுதான்.

ஒட்டகமும் மாடும்

வளைகுடா நாட்டில் நம் ஆட்களில் பலர் என்ன வேலை பார்க்கிறார்கள்? கம்பி கட்டுகிறார்கள். குழாய் புதைக்கிறார்கள். அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, மதியம் 12.30 மணியில் இருந்து 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டமே போட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட வெயில்!

அந்த வெயிலில் நின்றவனை "பாரின்காரர்" என்கிறோம். தஞ்சாவூர் வெயிலில் தன் வயலில் நின்றால் "உருப்படாதவன்" என்கிறோம். அங்கே அடுத்தவன் ஒட்டகத்தை மேய்த்தால் கவுரவம். இங்கே சொந்த மாட்டை மேய்த்தால் கேவலமா? என்ன நியாயம் இது?

2020-ம் ஆண்டு மே மாதம், கொரோனா காலத்தில், "வந்தே பாரத்" விமானங்களில் நம் பிள்ளைகள் ஊர் திரும்பினார்கள். ஜூன் 12-ந் தேதி மேட்டூர் அணை திறந்தது. 8 ஆண்டுகளுக்குப் பிறகு உரிய தேதியில் தண்ணீர் வந்தது. சும்மா இருந்தவர்களில் சிலர் மண்வெட்டியைக் கையில் எடுத்தார்கள். வெளிநாட்டு வேலை மறுபடியும் கூப்பிட்டதும் போனவர்கள் உண்டு. அதில் தப்பு இல்லை. ஆனால் இருக்க நினைத்தவனையும் ஏளனம் செய்து அனுப்புவது தப்பு.

"விவசாயமா? பெண் இல்லை!"

"மாப்பிள்ளை துபாயில் சூப்பர்வைசர்" என்றால் ஜாதகம் வீடு தேடி வருகிறது. "விவசாயம்" என்றால், "பொண்ணுக்கு இப்போ கல்யாணம் பண்ற எண்ணம் இல்லீங்க" என்று பதில் வருகிறது. சொல்கிற அப்பாவும் பெரும்பாலும் விவசாயிதான்!

அவருடைய பயத்துக்குக் காரணம் உண்டு. சாதா ரக நெல்லுக்கு 2025-26-ல் மத்திய அரசின் ஆதார விலை குவிண்டாலுக்கு ரூ.2,369. அந்த விலைக்கு விற்க ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அறுவடை நேரத்தில் மழை வந்துவிட்டால், விதியைத் தளர்த்தும் வரை நெல்லைக் கொட்டி வைத்துக் காவல் காக்க வேண்டும். அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். பயப்படுவது நியாயம். பரிகாசம் செய்வது நியாயம் அல்ல.

தாத்தா பெயரில் பட்டா

பரிகாசத்தைத் தாங்கிக்கொண்டு நிலத்தில் இறங்குகிறவனுக்கு அடுத்த இடி காத்திருக்கிறது. கூட்டுறவு சங்கத்தில் பயிர்க் கடன் உண்டு. கெடுவுக்குள் கட்டினால் வட்டியே இல்லை. ஆனால் சிட்டா வேண்டும், அடங்கல் வேண்டும். பத்து வருஷம் வெளிநாட்டில் இருந்தவனின் நிலம் யார் பெயரில் இருக்கிறது? செத்துப்போன தாத்தா பெயரில்! சித்தப்பா, அத்தை என்று பங்காளிகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும்.

பட்டா மாறவில்லை என்றால் கடன் கிடைக்காது. பிறகு வட்டிக்காரன் வாசல்தான். அந்த வட்டியை அடைக்க மறுபடியும் ஏஜெண்டு, மறுபடியும் விசா. நிலம் மறுபடியும் கருவேலங்காடு!

ஆண்டுதோறும் ஜனவரி 12-ந் தேதி அயலகத் தமிழர் தினம் கொண்டாடுகிறோம். நல்லதுதான். திரும்பி வந்து ஏர் பிடிப்பவனும் அந்தத் தமிழன்தானே? ஜமாபந்தியில் அவன் கொடுக்கும் பட்டா மனுவை உடனே முடித்துக் கொடுத்தால், அதுவே அவனுக்குப் போடும் பொன்னாடை. தாலுகா ஆபீசில் வேலை பார்க்கும் நண்பர்களே, அவனை "நாளைக்கு வா" என்று திருப்பி அனுப்பாதீர்கள். உரக்கடைக்காரர்களே, பாரின் பணம் என்று நினைத்துத் தேவை இல்லாத மருந்தை அவன் தலையில் கட்டாதீர்கள்.

திரும்பி வந்த தம்பிக்கும் ஒரு வார்த்தை. சேமிப்பு முழுவதையும் முதல் போகத்திலேயே போர் போட்டு முடக்கிவிடாதே. ஒரு ஏக்கரில் தொடங்கு. அப்பாவைக் கேட்டுச் செய். அவர் தோற்ற இடங்கள் அவருக்குத் தெரியும்.

அடுத்த விடுமுறைக்கு நாமும் பஸ் ஏறி ஊருக்குப் போவோம். வரப்பில் அவன் நிற்பான். "எப்போ திரும்பிப் போறே?" என்று கேட்க வேண்டாம்.

"நாத்து எப்படி இருக்கு தம்பி?" என்று கேட்போம்.