காஞ்சனா: நாலுல எத்தனை தேறும்?

போன மாசம் மூணு நாள் சேர்ந்தாப்ல லீவு கெடைச்சுது. பொட்டி தட்டறதை மூட்டை கட்டி வெச்சிட்டு பெங்களூருல இருந்து ஊருக்கு வந்துட்டேன். ஊருன்னா மல்லசமுத்திரம். பருத்தி வியாபாரம் பண்றவங்களுக்கு ஏலத்தால எங்க ஊரைத் தெரியும். மத்தவங்களுக்கு "திருச்செங்கோடு பக்கம்"னு சொல்லுவேன். அதுவும் புரியலைன்னா "சேலம்". அதுக்கு மேல விளக்கறதில்ல.

அக்கா பையன் ஆறாவது படிக்கறான். 'முனி' வரிசைப் படம் மொத்தத்தையும் ஒண்ணு விடாம பாக்கணும்னு ஒத்தைக் கால்ல நின்னான். சரின்னு உக்காந்தேன். ரெண்டு நாள், நாலு படம். தலைவலி மாத்திரை ரெண்டு. அதோட விளைவுதான் இந்தப் பதிவு. தெகிரியம் இருக்கறவங்க தொடர்ந்து படிங்க.

மொதல்ல நம்பர் குழப்பத்தைத் தீர்த்துடறேன். 2007-ல 'முனி'. 2011-ல 'முனி 2: காஞ்சனா'. 2015-ல வந்தது பேருக்கு 'காஞ்சனா 2', கணக்குக்கு முனி 3. 2019-ல 'காஞ்சனா 3', அதாவது முனி 4. எங்க ஆபீஸ்ல இப்படி வெர்ஷன் நம்பர் போட்டா டீம் லீடு தோலை உரிச்சிருவாரு. நாலுமே லாரன்ஸ் எழுதி, இயக்கி, நடிச்சது. ஒரு படத்தோட கதைக்கும் அடுத்த படத்தோட கதைக்கும் சம்பந்தமில்ல. ஒவ்வொண்ணும் தனித்தனிக் கதை, டெம்ப்ளேட் மட்டும் ஒண்ணு. ஒரு பயந்தாங்கொள்ளி. அவனைத் திட்டிக்கிட்டே தானும் பயப்படற அம்மா, அதாவது கோவை சரளா. பேய் வரும். அவன் உடம்புக்குள்ள பூரும். யாரு என்னன்னு கொசுவத்தி சுத்துவாங்க. அப்பறம் பழிவாங்கல். அவ்ளோதான்.

டெம்ப்ளேட் ஒண்ணா இருக்கறது எனக்குப் பிரச்சினையே இல்ல. அம்புலிமாமாவுல விக்கிரமாதித்தன் மாசாமாசம் அதே முருங்கை மரத்துலதான் ஏறினான், யாரும் கேள்வி கேக்கலையே. என் கேள்வி வேற. ஒரே சமையல்காரர், ஒரே அடுப்பு, ஒரே மசாலா. அப்பறம் ஏன் ஒரு தடவை பிரியாணியாவும் மத்த தடவை களியாவும் வருது? (களி தின்னு வளந்தவன் களியைத் திட்டலாமா? தப்புதான். ராகிக் களியும் கீரையும் இருந்தா பிரியாணியைத் தள்ளி வெச்சிருவேன். ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.)

இதுக்குப் பதில் எங்க அம்மாயிகிட்ட இருந்துச்சு. அம்மாயி சினிமா விமர்சனம் எல்லாம் பண்ணாது. ஆனா எங்க பக்கம் நோம்பி சாட்டி யாருக்காச்சும் அருள் வந்துட்டா, இல்ல ஆகாதது எதாச்சும் புடிச்சு ஒருத்தர் தலைவிரிச்சு ஆடினா, மொதல்ல கேக்கறது அம்மாயி மாதிரி பெரிய மனுசிங்கதான். "யாரு வந்திருக்கறது?" அடுத்தது, "என்ன வேணும்?" இந்த ரெண்டுக்கும் பதில் வராத வரைக்கும் வேப்பிலையை எடுக்க மாட்டாங்க. உருமாற்றம் பெருசில்ல, ஆட்டமும் பெருசில்ல. வந்தது யாருன்னு தெரியணும். லாரன்ஸ் படம் நாலையும் இந்த ஒரு கேள்வியை வெச்சே நிறுத்துப் பாத்துடலாம்.

'முனி' வந்தப்ப நான் நாலாவது. எங்க பக்கம் முனின்னா அது பேய் கிடையாது, சாமி. ரோட்டோரத்துல மீசையும் முண்டக்கண்ணும் அருவாளுமா உக்காந்திருக்கும். கெடா வெட்டி, சுருட்டு வெச்சுக் கும்புட்ட முனியப்பன் பேரை ஒரு பேய்ப் படத்துக்கு வெச்சிட்டாங்களேன்னு எனக்கு ரெண்டு நாளு சோறு எறங்கல. இப்ப பாத்தா படம் பரவாயில்ல ரகம். ஆறு மணி அடிச்சா வீட்டை விட்டு வெளிய வராத கணேஷ். அவன் உடம்புக்குள்ள ராஜ்கிரண். சேரி ஜனங்களுக்காக நின்னு, அரசியல்வாதியை நம்பி மோசம்போய்ச் செத்த முனியாண்டி. வந்தது யாருன்னு தெளிவாவே தெரியுது. ஆனா முனியாண்டியோட கதை இதுக்கு முன்னாடி நாம நூறு படத்துல பாத்ததுதான். ராஜ்கிரண் தொடையைத் தட்டாத கொறை. பாதி மார்க்.

காஞ்சனாவைப் பத்திக் கொஞ்சம் நிதானமா சொல்லணும்.

2011 ஜூலை. நான் ஒம்பதாவது. திருச்செங்கோட்டுல பாத்தோம். கிரிக்கெட் ஆடறதுக்காகக் காலி மனையில ஸ்டம்பை அடிக்கறாங்க, அது மண்ணுக்குள்ள பொதைச்சு வெச்ச ஒடம்புல எறங்கிடுது. இப்படி ஒரு தொடக்கத்தை யோசிச்ச ஆளுக்கு ஒரு கும்புடு போடலாம். ஏன்னா இங்க பேய் பழைய ஜமீன் பங்களாவுல இல்ல, நாம சாயங்காலம் ஆடற பொட்டல் காட்டுல இருக்கு. அடுத்த நாள் எங்க பசங்க எவனும் ஸ்டம்பைத் தொடல, செங்கல்லை அடுக்கி வெச்சு ஆடினோம்.

ராகவா பாத்ரூம் போகவே துணைக்கு ஆள் தேடறவன். பயம் வந்தா அம்மா இடுப்புலயும் அண்ணி இடுப்புலயும் தாவி ஏறிக்கறவன். அவன் உடம்புக்குள்ள மூணு பேர் வர்றாங்க. ஒரு பாய், மனவளர்ச்சி இல்லாத அவரோட மகன், அப்பறம் காஞ்சனா. பெத்தவங்க வீட்டை விட்டுத் தொரத்தின திருநங்கை. தொரத்தினவளுக்கு எடம் குடுத்தவர் அந்த பாய். அவ தன்னை மாதிரியே தொரத்தப்பட்ட இன்னொருத்தியைத் தத்தெடுத்து டாக்டருக்குப் படிக்க வெக்கறா. ஆசுபத்திரி கட்ட வாங்கின நெலத்தை எம்.எல்.ஏ. புடுங்கறான், கொல்றான். அந்த வேஷத்துல சரத்குமார். எம்மாம் பெரிய உடம்பு! அந்தத் தோளும் கையுமா சேலையைக் கட்டிக்கிட்டு வந்தப்ப தியேட்டர்ல மொதல்ல விசிலடிச்சவங்க பத்து நிமிசத்துல கப்சிப். படம் மொத்தத்துலயும் அவர் வர்றது கொஞ்ச நேரம்தான். ஆனா மனசுல தங்கினது அவருதான்.

'யாரு வந்திருக்கறது'ங்கற கேள்விக்கு இவ்வளவு முழுசா பதில் சொன்ன வேற தமிழ்ப் பேய்ப்படம் எனக்கு ஞாபகம் இல்ல. சந்திரமுகியில (2005) ஜோதிகாவோட மாற்றம் மெரட்டல், மறுக்கல. ஆனா சந்திரமுகிங்கற அந்த ஆட்டக்காரி யாருன்னு நமக்குத் தெரியறது கைப்பிடி அளவுதான்.

லாரன்ஸ் அடிப்படையில டான்ஸ் மாஸ்டர். மேக்கப் இல்லாமலே மணிக்கட்டு ஒடியறதுலயும் தோள் எறங்கறதுலயும் ஆளை மாத்திக் காட்டறாரு. கூனிக் குறுகின எலிக்கும் நிமிந்து நிக்கற காஞ்சனாவுக்கும் நடுவுல இருக்கற அந்தத் தூரம்தான் படத்தோட மொத்தச் சொத்து.

இதை நிரூபிக்க அவரே ஒரு படம் எடுத்திருக்காரு. 2020-ல இந்தியில 'லக்ஷ்மி', அக்ஷய் குமாரை வெச்சு. நேரா ஹாட்ஸ்டார்ல வந்துச்சு. அதுல நாயகன் பயந்தாங்கொள்ளி இல்ல. பேயே இல்லன்னு சொல்லிப் போலிச் சாமியாரோட முகத்திரையைக் கிழிக்கற வீரன். போச்சா! தைரியசாலி உடம்புல இன்னொரு தைரியசாலி பூந்தா அங்க எங்க தூரம், எங்க சிரிப்பு? கொசுவத்தி பகுதியில ஷரத் கேல்கர் நல்லாத்தான் பண்ணியிருந்தாரு. ஆனா அதுக்குள்ள நான் பாதி கிணத்தைத் தாண்டித் தூங்கிட்டேன். இயக்குனர் ஒருத்தரே, கதையும் ஒண்ணே. ஒரு மாறியை மட்டும் மாத்தினதுல மொத்த புரோகிராமும் கிராஷ்.

'காஞ்சனா 2' வந்தப்ப ப்ளஸ் டூ பரீட்சை முடிஞ்ச லீவு. டி.ஆர்.பி.க்காகப் பேய் நிகழ்ச்சி எடுக்கப் போற டிவிக்காரங்க, கடற்கரை மணல்ல கெடைக்கற தாலி. தொடக்கம் ஜோர். கங்காவா வர்ற நித்யா மேனன் கால் ஊனமான பொண்ணா மனசுல நிக்கறாங்க. நியாயமா அவங்களை மட்டும் நம்பியிருக்கணும். விட்டாரா மனுசன்? டாப்ஸி உடம்புல பேய், இவர் உடம்புல பேய்க் கூட்டம், போதாததுக்குக் காதலன் சிவாவாவும் அவரே. வெள்ளிக்கிழமை டவுன் பஸ் மாதிரி ஒரு உடம்புக்குள்ள ஆளாளுக்கு ஏறி எறங்கினா அம்மாயி யாருகிட்டன்னு கேக்கும்?

'காஞ்சனா 3' பாத்தது காலேஜ் கடைசி செமஸ்டர்ல. தாத்தா வீட்டுக்குப் போற வழியில மரத்துல அடிச்சிருக்கற ஆணியைப் புடுங்கறதால பேய் வருது. ஆபீஸ்ல தெனமும் ஆணி புடுங்கற நமக்கெல்லாம் வராத பேய்! படத்துல எனக்குப் புடிச்சது அந்த ஒரு விசயம்தான். ஓவியா, வேதிகா, நிக்கி தம்போலின்னு மூணு முறைப்பொண்ணுங்க ஒருத்தனைத் தொரத்தறதைக் காமெடின்னு ஒரு மணி நேரம் ஓட்டறாங்க. வந்த காளி யாருன்னா, ஆதரவில்லாத குழந்தைகளை வளக்கற நல்லவர். நல்லவருன்னு சொல்லிட்டாங்க, அதோட சரி. காஞ்சனா எப்படிச் சிரிப்பா, எதுக்குக் கோவப்படுவா, எல்லாம் எனக்குத் தெரியும். காளியைப் பத்தி சட்டைக் கலர் கூட ஞாபகம் இல்ல.

ஆக நாலுல ஒண்ணரை தேறும். பதிவை இங்கயே முடிச்சிருப்பேன். அந்த 'ஒண்ணு'லயும் எனக்கு ஒரு முள்ளு இருக்கு.

காஞ்சனாவோட மொதப் பாதியில நாம எதுக்குச் சிரிக்கறோம்? ஆம்பளைப் பையன் நளினமா நடக்கறான், வளையல் போட்டுக்கறான், அதைப் பாத்து வீடே பதறுது. அதுக்குத்தான் சிரிச்சோம். ரெண்டாம் பாதியில அதே நளினத்துக்காக அழச் சொல்லுது படம். மொதப் பாதியில சம்பாதிச்ச காசுலதான் ரெண்டாம் பாதியோட நல்ல மனசு ஓடுது. தியேட்டர்ல அழுதுட்டு வந்தவங்க வெளிய எதை எடுத்துக்கிட்டுப் போனாங்கன்னு எனக்கு நேராவே தெரியும்.

என் வகுப்புல ஒருத்தன் இருந்தான். மெல்லிசான கொரல், கொஞ்சம் இழுத்துப் பேசுவான். படம் வந்த திங்கக்கிழமை காலையில அவனுக்குப் பேரு மாறிப்போச்சு. 'காஞ்சனா'. பத்தாவது முடிக்கற வரைக்கும் அந்தப் பேருதான். நானும் கூப்பிட்டிருக்கேன். ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல. சரத்குமாருக்காக இருட்டுல கண்ணைத் தொடைச்சவனும் நான்தான். தமிழ்நாட்டுல திருநங்கைகளுக்கு நலவாரியம் வந்தது 2008-லயே. மூணாம் பாலினத்துக்கு உச்ச நீதிமன்றம் அங்கீகாரம் குடுத்தது 2014-ல. சேலத்துக்காரரான பிரித்திகா யாஷினி கோர்ட்டு வரைக்கும் போய் ஜெயிச்சு 2017-ல எஸ்.ஐ. ஆனாங்க. இதெல்லாம் பேப்பர்ல வந்துச்சு. எங்க வகுப்புக்கு வந்து சேந்தது காஞ்சனாங்கற பட்டப்பேரு மட்டும். பத்தாவதுக்கு அப்பறம் அவன் பள்ளிக்கூடத்துக்கு வரல. ஏன்னு நாங்க யாரும் கேக்கவும் இல்ல.

ரெண்டு வருசம் முன்னாடி வைகாசித் தேருக்குத் திருச்செங்கோடு போயிருந்தேன். பாதி ஆணாவும் பாதி பெண்ணாவும் நிக்கற அர்த்தநாரீசுவரரைக் கூட்டமே கன்னத்துல போட்டுக் கும்புடற ஊரு அது. தேர் நெலைக்கு வந்த பொறவு கரும்பு ஜூஸ் கடையில ஒரு பொண்ணு என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுது. அடையாளம் தெரியறதுக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு. அஞ்சு வருசம் 'டா' போட்டுப் பேசின வாய், என்ன சொல்றதுன்னு தெரியாம "வாங்க"ன்னு சொல்லிருச்சு. "என்னடா இது, வாங்க போங்கன்னுட்டு"ன்னு சிரிச்சுது. ஈரோட்டுல வேலையாம். நல்லா இருக்கறதாச் சொல்லுச்சு.

ஸ்கூல்ல கூப்பிட்ட பேருக்கு மன்னிப்புக் கேக்கணும்னு எனக்கு உள்ளுக்குள்ள ஓடுது, வார்த்தை வரல. சுத்தி வளைச்சு, "அந்தப் படம்..."னு இழுத்தேன்.

"காஞ்சனாவா? பத்துத் தடவை பாத்திருப்பேன். டிவியில போட்டா கடைசி ஒரு மணி நேரம் மட்டும் பாப்பேன். அந்தப் புள்ளையைப் படிக்க வெக்கறா பாரு, அதுக்காக. மொதப் பாதி ஓடறப்ப எந்திரிச்சுப் போய்ச் சோறு ஆக்கிருவேன்."

அதுக்கு நான் என்ன சொல்றது. ஜூஸ்ல ஐஸ் கரையறதைப் பாத்துக்கிட்டு நின்னேன். காசு குடுக்கப் போனா கையைத் தட்டி விட்டுட்டு அதுவே குடுத்துச்சு.

கெளம்பற நேரத்துல திரும்பி, "மூணாவது பாத்தியாடா?"ன்னு கேட்டுச்சு.

"பாத்தேன். மொக்கை."

"நான் இடைவேளையிலயே வந்துட்டேன். அதுல எங்க ஆளே இல்லையே!"