முயலுக்கு நான்கு கால்

முயல் நாறுகிறது என்று சொல்லுகிறவர்களோடு எனக்கு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. அதை இன்றைக்குத் தீர்த்துவிடுவதாக உத்தேசம்.

முயல் நாறுகிற பிராணியே அல்ல. தேக சௌக்கியத்தோடு இருக்கும் முயல், பொழுது விடிந்தால் பொழுது போனால் தன் உடம்பை நக்கித் துடைத்துக்கொண்டேதான் இருக்கும். முன்னங்கால் இரண்டையும் நாவால் நனைத்துக்கொண்டு, நீளக் காதைக் கீழே இழுத்து அது துலக்குகிற அழகைப் பார்க்க வேண்டும். பல் தேய்க்கச் சோம்பல்படும் நம் வீட்டுப் பிள்ளைகளை அதன் எதிரே கொண்டுபோய் உட்காரவைக்கலாம். அப்பேர்ப்பட்ட பிராணி ஒரு நாள் நாற ஆரம்பித்தால் அதற்கு உடம்பு முடியவில்லை என்று அர்த்தம். முதுகு வளையவில்லை, பின்னங்கால் மூட்டுகளில் வாதம், குனிந்தால் வலிக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல், "வயசாகிவிட்டது, அசிங்கம் பண்ணுகிறது" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கூண்டைக் கொல்லைப்புறத்துக்குத் தள்ளுகிறோமே, அது எந்த ஊர் நியாயம்? எண்பது வயதுப் பாட்டனாருக்குக் கை எட்டவில்லை என்றால் நாம்தானே முதுகு தேய்த்துவிடுகிறோம்? (தேய்த்துவிடாத வீடுகளும் உண்டு. அது வேறு கட்டுரை.)

இந்த வம்பு எங்கே ஆரம்பிக்கிறது என்றால், வாங்குகிற இடத்தில். ஆறு வயதுப் பிள்ளை அழுகிறது. அப்பா அட்டைப் பெட்டியில் பஞ்சுப் பொதி போல ஒரு குட்டியை வாங்கி வருகிறார். பொம்மை என்ற நினைப்பிலேதான் வாங்குகிறார். பொம்மை ஆறு மாதத்தில் உடையும். முயல் எட்டு வருஷம், பத்து வருஷம், நன்றாகப் பார்த்துக்கொண்டால் பன்னிரண்டு வருஷம்கூட இருக்கும். பிள்ளை காலேஜில் சேரும் வயதில் முயலுக்குக் கண்ணில் புரை விழுந்திருக்கும். கேட்டது பிள்ளை, வாங்கித் தந்தது அப்பா, கூண்டு கழுவுவது அம்மா. கடைசியில் அந்த அம்மாள் ஒரு நாள் அலுத்துப்போய், "எங்கேயாவது மரம் செடி இருக்கிற இடமாகப் பார்த்து விட்டுவிட்டு வாருங்கள், பிழைத்துக்கொள்ளும்" என்கிறாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். அட்டைப் பெட்டியோடு வந்த அந்த மனிதரைத்தான் சொல்வேன்.

பிழைத்துக்கொள்ளுமாம்! நம் ஊர்க் காட்டிலும் மேட்டிலும் ஓடுகிற முயல் வேறு ஜாதி. கூண்டிலே இருப்பது வேறு ஜாதி. இதன் முன்னோர்கள் ஸ்பெயின், போர்த்துகல் பக்கத்தில் மண்ணைத் தோண்டி வளையில் வாழ்ந்தவை. நம் காட்டு முயல் வளை தோண்டுவதில்லை, ஓடியே தப்பிக்கும். தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தது முன்னோர்களுடைய சௌகரியம். அதை நம்பி, மூட்டுவாதம் வந்த வெள்ளை முயலைப் பூங்காவில் விட்டுவந்தால் முதல் ராத்திரியே நாய்க்கு விருந்து. சட்டம் இதைக் குற்றம் என்றுதான் சொல்கிறது. பட்டினியும் தாகமும் நேரும்படி ஒரு பிராணியைக் கைவிடுவதை 1960-ஆம் வருஷத்துப் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் தண்டிக்கிறது. முதல் குற்றத்துக்கு அபராதம் எவ்வளவு தெரியுமோ? 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. இன்றைக்கு அந்தப் பணத்துக்கு முயலுக்கு ஒரு வேளைக் கீரைகூட ஒழுங்காக வாங்க முடியாது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் கைவிட மாட்டார்கள், குளிப்பாட்டுவார்கள். அன்பு மிகுதியால் வாளித் தண்ணீரில் முக்கி, ஷாம்பூ போட்டு நுரை வரத் தேய்த்து, வெயிலில் உட்காரவைக்கிறார்கள். "எங்கள் நாய்க்குட்டிக்கு இப்படித்தான்" என்கிறார்கள். தாம் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிறவர்களைக் கேலி செய்ய நம் பாஷையில் ஒரு பழமொழி உண்டு. ஐயா, அதற்கு நான்கு கால்; அந்த நான்கையும் உதைத்துக்கொண்டு அது திமிறும்போது தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும். அதன் எலும்பு அவ்வளவு லேசு, பின்னங்கால் தசை அவ்வளவு பலம். முறியாமல் தப்பினாலும், அடர்ந்த அடிமயிர் லேசில் உலராது. ஈரத்தோடு உடம்பு ஜில்லிட்டு, பயத்தில் அதிர்ச்சி கண்டு செத்துப்போன முயல்கள் உண்டு. மல்லாக்கப் போட்டால் அசையாமல் கிடக்கிறதே, சுகமாக இருக்கிறதாக்கும் என்று நினைக்கிறார்கள். அது சுகமில்லை. புலி வாயில் அகப்பட்ட ஆடு விறைத்துக் கிடக்குமே, அந்த ஜாதி.

அப்படியானால் சுத்தம் செய்வது எப்படி? எங்கே அழுக்கோ அங்கே மட்டும். மடியில் கெட்டித் துண்டை விரித்து, நான்கு காலும் தரையில் ஊன்றியிருக்கிற மாதிரி உட்காரவைத்து, ஒட்டிக்கொண்டிருக்கிற இடத்தில் மக்காச்சோள மாவைத் தூவ வேண்டும். கடையில் கார்ன்ஃப்ளவர் என்று கேட்டால் தருவார்களே, அந்த வெள்ளை மாவு. விரலால் மெல்ல நெருடினால் அழுக்கு பொடிப்பொடியாக உதிர்ந்து வரும், பிறகு சீப்பு. முகத்துக்குப் போடும் டால்கம் பவுடர் கூடவே கூடாது, மூச்சுக்குழலுக்கு ஆகாது. மாவுக்கு மசியாவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துப் பின்பக்கத்தை மட்டும் துடைத்து, ஈரம் துளி இல்லாமல் ஒற்றி எடுக்க வேண்டும். இழுக்கக் கூடாது, முயலின் தோல் காகிதம் போலக் கிழியும். காதைப் பிடித்துத் தூக்குகிற பழக்கத்தை மந்திரவாதிகளிடமே விட்டுவிடலாம்.

ஒட்டுகிறது என்றேனே, அது என்ன என்று தெரியாமல்தான் பாதிப் பேர் "பேதி" என்கிறார்கள். முயல் இரண்டு விதமாகக் கழிக்கும். ஒன்று, எல்லோரும் பார்க்கிற உருண்டை. இன்னொன்று, திராட்சைக் கொத்து மாதிரி மெத்தென்று வருவது. அதை அது கீழே விழ விடாமல் குனிந்து வாயாலேயே எடுத்துத் தின்னும். அருவருப்புப் படாதீர்கள், வைட்டமின்களெல்லாம் அதிலேதான் இருக்கின்றன. குனிய முடியாத கிழ முயலுக்கு அது வாய்க்கு எட்டாமல் மயிரிலேயே அப்பிக்கொள்ளும். ஆகையினால் சுத்தம் செய்துவிட்டால் மட்டும் வேலை தீரவில்லை. ஏன் குனியவில்லை என்று பார்க்க வேண்டும். உடம்பு பெருத்துவிட்டதா? காரட்டும் பிஸ்கோத்தும் கொடுத்துச் செல்லம் கொஞ்சியதன் பலனாக இருக்கலாம். காரட் சர்க்கரைப் பண்டம். முயலுக்கு ஆகாரம் புல்லும் காய்ந்த புல்லும்தான்; வளர்ந்துகொண்டே இருக்கும் பல்லைத் தேய்க்கவும் அதுவே வேண்டும். வலியா? வலிக்கு மருந்து இருக்கிறது. "கிழத்துக்கு என்ன வைத்தியம்" என்று கைகழுவுகிற பேச்சைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மெலாக்ஸிகாம் என்ற மருந்தைக் கால்நடை டாக்டர்கள் வாதம் வந்த முயலுக்கு அளவு பார்த்துக் கொடுக்கிறார்கள். அளவு அவர் சொல்ல வேண்டியது. நம் வீட்டு அலமாரி மாத்திரையை உடைத்துப் போடுவது வைத்தியமல்ல. நாய்க்கு உண்ணி போக முதுகில் விடும் ஃபிப்ரோனில் சொட்டு முயலைக் கொன்றே போடும். வாய் வழியாகக் கொடுக்கும் பெனிசிலின் வகையும் அப்படியே.

மூத்திரம் தோய்ந்த மயிர் இன்னும் மோசம். தோல் வெந்து சிவந்து மயிர் கொட்டும். அந்த வாடைக்கு ஈ வரும், முட்டையிடும், ஒரே நாளில் புழுவாகி உயிரோடு சதையைத் தின்னும். எழுதக் கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். கோடைகாலத்தில் கிழ முயலின் பின்பக்கத்தைக் காலை ஒரு தரம், மாலை ஒரு தரம் பார்க்க வேண்டியது அவசியம். இரண்டு நிமிஷ வேலை.

தரையைச் சொல்ல மறந்தால் குற்றம். நாய் பூனைக்கு இருப்பது போல் முயலுக்கு உள்ளங்காலில் மெத்தை கிடையாது, மயிர்தான். கம்பி வலைக் கூண்டில் நிற்கவைத்தால் பாதம் புண்ணாகும். பளபளவென்று டைல்ஸ் போட்ட கூடத்தில் விட்டால் வாதக்கால் வழுக்கும். பழைய ஜமுக்காளம் ஒன்றை மடித்துப் போட்டால் இரண்டு கஷ்டமும் தீரும். கழிக்கிற தட்டின் விளிம்பு தாழ்வாக இருக்கட்டும். தண்ணீர் அகலக் கிண்ணத்தில் இருக்கட்டும். குழாய்ப் புட்டியை அண்ணாந்து நக்கக் கிழட்டுக் கழுத்துக்குத் தெம்பு இல்லை. கத்திரி வெயிலில் ஈரத் துணியால் காதைத் துடைத்துவிட்டால் ஆசுவாசப்படும். உடம்புச் சூடு காது வழியாகத்தான் வெளியேறுகிறது. ஜோடி முயல் செத்துப்போயிருந்தால் கண்ணோரத்துப் பீளையைத் துடைப்பதும் நம் பொறுப்பு. அதுவரை அந்த வேலையைச் செய்துவந்தது ஜோடிதான்.

"மனுஷர்களே சோற்றுக்கில்லாமல் திண்டாடுகிறபோது முயலுக்கு இவ்வளவா?" என்று ஒருவர் எழுந்திருப்பார். எழுந்திருக்கட்டும். நாளைக்குக் கால் மணி நேரம் ஆகிற காரியத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். அந்தக் கால் மணியை மிச்சம் பிடித்து அவர் எந்த ஏழைக்கு என்ன செய்தார் என்று கேட்டால் பதில் வராது. தவிரவும், அந்த ஜீவன் நம் வீட்டுக்குத் தானாக வரவில்லை. பணம் கொடுத்துக் கொண்டுவந்தோம்.

ஒன்று பாக்கி. முயல் வலியை வெளியே காட்டாது. நெற்றியை வருடும்போது மெல்லப் பல்லை நெருநெருப்பது சந்தோஷம். மூலையில் சுருண்டு உட்கார்ந்து உரக்கக் கடிப்பது வேதனை. அரை நாள் சாப்பிடாமலும் கழிக்காமலும் இருந்தால் குடல் நின்றுகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொண்டு அன்று ராத்திரியே டாக்டரைத் தேடிப் போக வேண்டும். விடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று விளக்கை அணைத்தால் காலையில் பார்த்துக்கொள்ள ஒன்றும் மிஞ்சியிருக்காது.