கத்திக்கு முன்னே மருந்து

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. விலங்கியல் மாணவன்)

மலைக்காரர்களாகிய நமக்குச் சளி ஒரு நோயே அன்று; கூடப் பிறந்தது என்றே எண்ணிவிட்டோம். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் மூடுபனியும் விறகுப் புகையும் உள்ளவரை மூக்கு ஒழுகத்தான் செய்யும் என்பது பெரியவர்கள் தீர்ப்பு. என் அம்மாவுக்குப் பூம்பாறைப் பக்கம் பூண்டுக் காட்டில் வேலை. மூக்கடைப்பும் முகத்தில் பாரமுமாக நான்கு மாதம் ஓடிற்று. "ஆபரேஷன்தான்" என்று யாரோ சொல்ல, தோட்டை அடகு வைக்கவும் துணிந்துவிட்டார்.

காது மூக்கு தொண்டை நிபுணரோ கத்தியைப் பற்றிப் பேசவே இல்லை. உப்புநீரால் மூக்கைக் கழுவி, ஸ்டீராய்டு ஸ்பிரேயை நாள்தோறும் அடிக்கச் சொன்னார். ஐந்தாம் நாள் அம்மா அதை அலமாரியில் வைத்துவிட்டார். "ஒண்ணும் கேக்கலையேப்பா" என்றார்.

மண்டை, முக எலும்புகளுக்குள் நான்கு இணைக் காற்றறைகள் உண்டு. அவற்றின் சவ்வு வீங்கி, வாயில் அடைபடுவதே சைனஸ் அழற்சி. 12 வாரம் நீடித்தால் நாட்பட்டது என்பர். அந்த வீக்கத்தை ஸ்பிரே வடியச் செய்ய வாரக்கணக்கில் ஆகும். கடையில் வாங்கும் மூக்கடைப்புச் சொட்டு மருந்தோ சில நிமிடங்களில் திறந்துவிடும். ஒரு வாரத்துக்கு மேல் விட்டால் அதுவே அடைப்பை உண்டாக்கும். உடனே கேட்பதெல்லாம் நல்ல மருந்தாகிவிடுமா?

எண்டோஸ்கோப் செலுத்திச் செய்யும் அறுவை 1980களில் உலகெங்கும் பரவியது. அது வழியை அகலப்படுத்தும், அழற்சியை வேரறுக்காது. அதற்குப் பின்னும் கழுவலும் ஸ்பிரேயும் தொடர வேண்டும். அப்படியிருக்க, அவற்றை முதலிலேயே ஒழுங்காகச் செய்து பார்ப்பதில் என்ன நட்டம்? அறுவையே வேண்டாம் என்பவனல்லன் நான். மருந்துக்கு அடங்காவிட்டால் ஸ்கேன் எடுத்துப் பார்த்து அறுவை செய்வதே முறை. கண் வீங்கினாலோ பார்வை மங்கினாலோ ஒரு நாளும் தாமதிக்கலாகாது. 2021இல் கருப்புப் பூஞ்சை கற்பித்த பாடம் அது.

குறை அம்மாவிடம் இல்லை. மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதை அவருக்குப் புரியும்படி யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை! சவ்வையும் அதன் நுண்மயிர்களையும் தேர்வில் படம் வரைந்து மதிப்பெண் வாங்கியவன், வீட்டில் வாய் திறக்கவில்லை. அன்றிரவு அடுப்படியில் அமர்ந்து விளக்கினேன். கொதித்து ஆறிய நீரில் உப்பைக் கலந்தும் கொடுத்தேன். இது மூன்றாம் மாதம். பாரம் குறைந்திருக்கிறது, தோடு அம்மாவின் காதிலேயே இருக்கிறது.

நண்பர்களே! நம்மில் பலர் நம் வீட்டின் முதல் பட்டதாரிகள். பட்டம் வரும்போது வரட்டும். வீட்டிலுள்ள மருந்துச் சீட்டை இன்றே எடுத்து வாசித்துக் காட்டுவோம்.