புளூட்டோனியமே, சொந்த ஊர் எது?

1966 ஜனவரி 17. ஸ்பெயினில் பாலோமாரஸ் என்கிற கிராமத்துக்கு மேலே, நடுவானில் எரிபொருள் நிரப்பப் போன அமெரிக்க பி-52 விமானம் டேங்கர் விமானத்தின் மீதே மோதியது. 7 பேர் இறந்தார்கள். 4 ஹைட்ரஜன் குண்டுகள் விழுந்தன. மூன்று தரையில், ஒன்று கடலில். நல்லவேளை, அணுவெடிப்பு இல்லை. ஆனால் இரண்டு குண்டுகளில் இருந்த சாதா வெடிமருந்து வெடித்து, உள்ளேயிருந்த புளூட்டோனியம் தூள்தூளாகி வயல்களில் இறங்கியது.

அமெரிக்கர்கள் சுமார் 1,400 டன் மண்ணைப் பீப்பாய்களில் அடைத்துக் கப்பலேற்றினார்கள். ஸ்பெயின் மந்திரி மானுவல் ஃப்ராகா, அமெரிக்கத் தூதருடன் கடலில் குளித்துக் காட்டினார். பயமில்லையாம்! (நாலாவது குண்டு அப்போது அந்தக் கடலில்தான் எங்கேயோ கிடந்தது.)

சரி, மண்ணில் மிச்சம் இருக்கிறதா? கெய்கர் கருவியை நீட்டினால் கிர்ர்ரென்று சொல்லிவிடாதா என்பீர்கள். புளூட்டோனியம்-239 படு சோம்பேறி சார். அரை ஆயுள் 24,110 வருஷம். 25 லட்சம் அணுக்கள் உட்கார்ந்திருந்தால், சராசரியாக ஐந்து நாளைக்கு ஒன்றுதான் சிதையும். ஓர் ஆபீசில் எத்தனை பேர் என்று தெரிந்துகொள்ள, வாசலில் நின்றுகொண்டு ரிடையர் ஆகிறவர்களை எண்ணுகிற கதை.

மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் நேரே உள்ளே போய்த் தலையை எண்ணிவிடும். மண்ணை அமிலத்தில் கரைத்து, புளூட்டோனியத்தை மட்டும் பிரித்து, பல ஆயிரம் டிகிரி ஆர்கான் பிளாஸ்மாவுக்குள் தெளிக்கிறார்கள். அணுக்கள் எலெக்ட்ரானைப் பறிகொடுத்து அயனிகளாகிக் காந்தப்புலத்துக்குள் ஓடும்போது, எடை குறைந்தது அதிகம் வளையும், கனமானது கொஞ்சமாக. அதை வைத்து இனம் பிரித்து எண்ணலாம். போலிகளும் உண்டு. யுரேனியம்-238 ஒரு ஹைட்ரஜனைத் தோளில் ஏற்றிக்கொண்டு 239 என்று வேஷம் போடும். எந்த ஊர் மண்ணிலும் கொஞ்சம் யுரேனியம் இருக்கும் என்பதால், அதை முதலிலேயே கழித்துக்கட்டியாக வேண்டும்.

எண்ணிக்கையைவிட எனக்குப் பிடித்தது அடுத்த கேள்விதான். 'சொந்த ஊர் எது?' 239-க்கு 240 என்று ஒரு அண்ணன் உண்டு. இருவரும் வீசும் ஆல்பா துகளின் சக்தி ஏறக்குறைய ஒன்று. ஆல்பாவை அளக்கும் கருவியால் பிரித்துச் சொல்வது கஷ்டம். எடை பார்க்கும் கருவியிடம் ஜம்பம் சாயாது. வல்லரசுகள் 1950, 60-களில் ஆகாயத்தில் வெடித்துப் பார்த்ததால் ஊரெல்லாம் படிந்த புளூட்டோனியத்தில், 100-க்குச் சுமார் 18 என்ற கணக்கில் அண்ணன் இருப்பார். 1986-ல் செர்னோபில் உலையிலிருந்து கிளம்பியதில் சுமார் 40. குண்டுக்கென்றே தயாரித்த சரக்கில் 6 போல.

பாலோமாரஸ் மண்ணில் கிடைத்ததும் சுமார் 6தான். எனக்கு பி.காம். மூளை, இதை லெட்ஜர் என்றுதான் பார்க்கத் தோன்றுகிறது. எந்தத் தொகை யார் கணக்கு என்று மண்ணே எழுதி வைத்திருக்கிறது.

2015-ல் மிச்ச மண்ணையும் அகற்றுவது குறித்து இரு நாடுகளும் ஓர் உத்தேச அறிக்கையில் கையெழுத்துப் போட்டன. சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாத கையெழுத்து. நம் ஆபீஸ் ஃபைல்களில் 'ஆவன செய்யப்படும்' என்று எழுதுவார்களே, அது.