திருகோணமலைத் தொட்டிகள்

1914-ம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி இரவு சென்னைத் துறைமுகத்தை அணுகிய ஜெர்மானிய யுத்தக் கப்பலான எம்டன், பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்துச் சுட்டதை நம்மவர் மறந்திலர். எண்ணெய் உள்ள இடமே யுத்தத்தில் முதல் இலக்கு என்பதற்குத் திருகோணமலையும் அத்தாட்சி. பிரிட்டிஷார் தம் யுத்தக் கப்பல்களுக்கு எண்ணெய் ஏற்ற அங்கே கட்டிய தொட்டிகளில் ஒன்று, 1942 ஏப்ரல் 9-ந் தேதி ஜப்பானிய விமானத் தாக்குதலில் அழிந்தது. சுமார் 12,000 கிலோலிட்டர் கொள்ளக்கூடிய 99 தொட்டிகள் இன்றும் எஞ்சி நிற்கின்றன.

இவற்றைக் கூட்டாகச் சீர்செய்து நடத்துவதென 1987-ம் வருஷத்திலேயே இந்தியாவும் இலங்கையும் இசைந்தன. ஆயினும் 2022 ஜனவரியில்தான் பாகப்பிரிவினை முடிவாயிற்று. லங்கா ஐ.ஓ.சி.க்கு 14, இலங்கைப் பெட்ரோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, எஞ்சிய 61 தொட்டிகள் இருவருக்கும் பொது. அப்பொதுவிலும் கூட்டுத்தாபனத்தின் பங்கு 51 சதவீதம்.

இந்தக் கணக்கில் அவ்வூர் ஜனங்களின் பங்கு எங்கே என்று கேட்கிறோம். குண்டு விழுந்த நாளில் அபாயத்தில் பங்கு பெற்றவர்களுக்கு லாபத்தில் பங்கு வேண்டாமா? அந்நியருடைய யுத்தத்துக்காக எழுந்தவை இனிச் சமாதான வர்த்தகத்துக்கே பயன்படட்டும்; அங்கு கிடைக்கும் வேலைகளில் திருகோணமலைவாசிகளுக்கே முதலிடம் அளிக்கப்படட்டும். இரண்டொரு தொட்டிகளையேனும் பழமை மாறாமல் காத்து, சரித்திர சாட்சியாக நிறுத்துவதும் இரு சர்க்கார்களின் கடமை என்பதே நமது அபிப்பிராயம்.